பின்னால் போகாத நீளக் கார்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை, கொழும்புக் கொட்டாஞ்சேனையில் கல்யாணக் கார் வாடகைக்கு விடும் யார்டில் நான் அந்தக் காரின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். நான்கு வருடம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். பத்து வயதிலிருந்து அமெரிக்கக் கார்களின் படங்களை வெட்டி ஒட்டியவள். உண்மையான ஒன்றைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை. ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்த சின்னக் கண்ணாடியில் பி, ஆர், என், டி, எல் என்று ஐந்து எழுத்துகள். யார்டிலிருந்து வெளியே எடுக்க வேண்டும் என்பதால் ரிவர்ஸுக்கான ஆரில் போட்டேன். எஞ்சின் உறுமியது. கார் நின்ற இடத்திலேயே நின்றது. மறுபடி போட்டேன். மறுபடியும் உறுமல்.

சாரதி நிஸாம் நானா பக்கத்தில் பிளேன்டீயோடு நின்றார். கிராண்ட்பாஸ்காரர், யார்டில் எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன். இருபது வருடமாகக் கல்யாணக் கார் ஓட்டுகிறவர்.

"மெனக்கெடாத புள்ள. இவ பின்னுக்குப் போக மாட்டா. மானமுள்ள பொம்புள."

"எத்தனை நாளா இப்பிடி?"

"நாளா? மூணு வருஷம்."

நான் நேரே கந்தோர் அறைக்குள் ஓடினேன். முதலாளி ரெஜி அங்கிள் புக்கிங் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அங்கிள், கார்ல ரிவர்ஸ் வேலை செய்யேல்லை!"

"கல்யாணக் காருக்கு ரிவர்ஸ் என்னத்துக்கு மகள்? கல்யாணத்துக்கு வெளிக்கிட்ட பொம்பிளையை யாராவது திருப்பிக் கொண்டுபோய் வீட்டில விடுவாங்களா?"

அது சிரிக்கிற பகிடி இல்லை. அவர் சொன்னது எங்கள் தொழிலின் முதலாவது விதி. மணப்பெண் ஏறிய பிறகு கார் பின்னோக்கி நகரக்கூடாது என்பதில் கொழும்பில் பல வீட்டார் கண்டிப்பு. சைவக்காரரிடமும் இருக்கிறது, கிறிஸ்தவ வேதக்காரரிடமும் இருக்கிறது. எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஓர் அங்குலம் பின்னால் போனாலும் காருக்குள்ளிருந்து நான்கு மாமிமார் ஒரே குரலில் கத்துவார்கள்.

கியர்பொக்ஸுக்குள் ரிவர்ஸுக்கென்று இருக்கும் கிளச் தட்டுகள் தேய்ந்துவிட்டன. முன் கியர்கள் எல்லாம் வெண்ணெய் மாதிரி. சாமான் அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த வருடங்களில் அது நடக்கவில்லை. பிறகு எல்லோருக்கும் பழகிப்போயிற்று.

காரின் பெயரைச் சொல்லமாட்டேன். இந்தக் குறிப்பை எழுதுவது எங்களைப்போல் இந்தத் தொழிலுக்கு வருகிற இளம் ஆட்களுக்கு. ஆனால் கொழும்பில் அந்த மொடல் ஒன்றுதான் ஓடுகிறது, பெயரைச் சொன்னால் எங்கள் வாசலுக்கே வந்துவிடுவீர்கள். அறுபதுகளின் அமெரிக்க செடான், நான்கு கதவு, வீ-எயிட் எஞ்சின், பால் நிறம். நீளம் பதினேழே முக்கால் அடி, அகலம் ஆறு அடி ஏழு அங்குலம். யார்டில் எல்லோரும் அதை "நீளம்" என்றுதான் சொல்வோம்.

2. செடானா, எஸ்யூவியா: என் கட்சி

இதை முதலே சொல்லிவிடுகிறேன், நான் நடுநிலைக்காரி இல்லை. செடான்காரி.

செடானில் மணப்பெண் அமர்கிறாள். எஸ்யூவியில் ஏறுகிறாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காஞ்சிபுரம் கட்டியவர்களுக்குத் தெரியும். எஸ்யூவிக்குக் கொண்டுபோகிற குட்டி ஸ்டூல், கையைப் பிடிக்கிற சித்தி, சேலைக் கரையைத் தூக்கிப் பிடிக்கிற தோழி எல்லாம் சேர்ந்தால் அது கல்யாணப் பயணம் மாதிரி இல்லை, கப்பலில் சாமான் ஏற்றுகிற மாதிரி இருக்கும். நீளத்தில் கதவைத் திறந்தால் சோபா. பின் சீற்றில் மணப்பெண், மாலை, தோழி, தோழியின் ஹேன்ட்பேக் எல்லாம் தாராளமாக இருக்கலாம். டிக்கிக்குள் ஐந்து சூட்கேஸ் போட்ட பிறகும் கேட்டரிங்காரரின் சட்டி ஒன்றுக்கு இடம் இருக்கும்.

அந்த ஸ்பிரிங்குகளின் மெத்தையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பியக் கார்ப் பிரியர்கள் இதைப் பார்த்து "வள்ளம்" என்று சிரிப்பார்கள். வளைவில் சாயும், பிரேக் போட்டால் மூக்கைக் குத்தும், உண்மைதான். ஆனால் காலி நகருக்குப் போகும் காலி வீதியின் குழிகளில் மணப்பெண்ணின் பொட்டு அசையாமல் கொண்டுபோக வேறு எந்தக் காரால் முடியும்? குறைகளும் எனக்குத் தெரியும். டிரம் பிரேக் மழையில் இடப்பக்கம் இழுக்கும். பெற்றோலை உறிஞ்சிக் குடிக்கும். ஏசி தன் இஷ்டத்துக்கு வேலை செய்யும்.

அமெரிக்கக் கார்க் கம்பனிகளின் ஊரான டெட்ராய்ட்டில் இப்போது செடானைக் கிட்டத்தட்டக் கைவிட்டுவிட்டார்கள். கேட்டால், மக்கள் எஸ்யூவியும் பிக்கப்பும்தான் கேட்கிறார்கள் என்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. முதலில் நல்ல செடான் செய்வதை விட்டார்கள். ஜப்பான்காரன் அந்த இடத்தைப் பிடித்தான். பிறகு ஒருவரும் வாங்குவதில்லை என்று சொல்லி ஆலையை மூடினார்கள். ருசி இல்லாத சோற்றைப் போட்டுவிட்டு, ஆட்களுக்குப் பசி இல்லை என்று கடையைச் சாத்துகிற வேலை. உயரமான வண்டியில் லாபம் கூட என்பதை மட்டும் யாரும் வெளியில் சொல்வதில்லை.

இங்கேயும் அதே கதைதான். இறக்குமதி திறந்ததிலிருந்து காலி வீதி முழுக்க உயர வண்டிகள். பார்த்தால் எல்லோரும் மலை ஏறப் போகிறவர்கள் மாதிரி இருக்கும். ஏறுவதோ சுப்பர்மார்க்கெட் கார் பார்க்கின் சரிவு.

இதையெல்லாம் நான் யார்டில் தினமும் பேசுவேன். நிஸாம் நானா காதைக் குடைவார். ரெஜி அங்கிள் ஒருநாள் பொறுமை இழந்தார்.

"மகள், நீ சொல்றதெல்லாம் சரி. ஆனா வாற கஸ்டமர் எல்லாரும் எஸ்யூவி இருக்கான்னு கேக்கிறாங்க. இந்தச் சீசன் மட்டும் பார்ப்பம். ஒரு கல்யாணத்தில வில்லங்கம் வந்தாலும் நீளத்தை வித்துட்டு அமெரிக்கன் எஸ்யூவி ஒண்ணு எடுக்கிறது. வண்டி கூடப் பார்த்து வச்சாச்சு."

அன்றிலிருந்து எனக்கு நித்திரை குறைந்தது.

3. முன்னோக்கி மட்டும்

ரிவர்ஸ் இல்லாத காரை வைத்துத் தொழில் செய்வதற்கு ஒரு முறை உண்டு. எங்கள் பாஷையில் அதற்குப் பெயர் "ரூட் பார்க்கிறது". கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன் ஒருவர் ஸ்கூட்டரில் போய் மணப்பெண் வீட்டிலிருந்து மண்டபம் வரை முழுப் பாதையையும் பார்க்க வேண்டும். கார் எங்கே நுழைகிறது, எங்கே நிற்கிறது, எந்த வாசலால் வெளியேறுகிறது, எல்லாமே முன்னோக்கி. சந்து ஒழுங்கைகளின் அகலத்தை அளவு நாடாவால் அளக்க வேண்டும். எந்த வீட்டுக்காரன் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கிறான், எந்த மூலையில் மரக்கறி வண்டி நிற்கிறது என்பதெல்லாம் கொப்பியில் ஏறும். எங்கள் யார்டையே அதற்காகத்தான் பிடித்தார்கள். ஒரு வீதியால் உள்ளே வந்து மற்ற வீதியால் வெளியே போகலாம். முதல் நாள் அது எனக்குத் தெரியாது.

வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கைகள் பலவற்றில் பயமில்லை. காலி வீதியால் நுழைந்து மரைன் டிரைவில் வெளியேறிவிடலாம். தரைப் பக்கம்தான் சிக்கல். சில ஒழுங்கைகள் போய்ப் போய் ஒரு மதிலில் முட்டி நிற்கும்.

துளசி என்ற மணப்பெண்ணின் வீடு அப்படி ஒரு முட்டு ஒழுங்கையில், கடைசிக்கு முந்திய வீடு. புக்கிங்குக்கு அவளே நேரில் வந்தாள். வங்கியில் வேலை, என் வயது. நீளத்தைச் சுற்றி மூன்று தரம் நடந்து பார்த்துவிட்டு, "எனக்கு இதுதான் வேணும். உயர வண்டியில ஏறி இறங்கி நான் நாடகம் போடமாட்டன்" என்றாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

ரெஜி அங்கிள் முகவரியைப் பார்த்தார். "முட்டு ஒழுங்கை. இது சரிவராது."

"நான் ரூட் பார்க்கிறன் அங்கிள். முதல் தரம் என்னட்டத் தாங்கோ."

அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "சரி. உன்ட நீளம், உன்ட பொறுப்பு."

நான் வழி கண்டுபிடித்தேன். துளசியின் வீட்டுக்கு எதிரில் ஒரு ஃபிளாட்ஸின் பின் கேற் இருந்தது. உள்ளே கார் பார்க். தூண்களுக்கு நடுவே நேரான பாதை ஒன்று, முன் கேற்றால் அடுத்த ஒழுங்கைக்குப் போகிறது. அங்கிருந்து காலி வீதி. மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு ஃபிளாட்ஸுக்குள் நுழைந்து அந்தப் பக்கத்தால் போய்விடலாம். ஃபிளாட்ஸ்காரர்களிடம் அனுமதி வாங்கினேன். காவலாளி பண்டார அங்கிளிடம் பாதையைக் காட்டி, என் சிங்களத்திலும் அவருடைய தமிழிலும் கலந்து பேசினோம்.

"அங்கிள், சனிக்கிழமை காலமை கல்யாணத்துக்கு ஒரு பெரிய அமெரிக்கன் கார் வரும். அதுக்கு இந்த இடம் வேணும். வேற ஒருத்தரையும் விடக்கூடாது, ஹரித, சரியா?"

"ஹரி மிஸ். அமெரிக்கன் கார். வேற ஆக்கள் பே, ஏலாது."

அமெரிக்கன் என்ற சொல்லை நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அதுதான் நான் செய்த பிழை.

4. சனிக்கிழமை

காலை ஆறரைக்குப் பண்டார அங்கிளுக்கு அழைத்தேன். இடம் காலியாக இருக்கிறது என்றார். ஏழே முக்காலுக்கு நீளம் ஒழுங்கைக்குள் நுழைந்து துளசி வீட்டு வாசலில் நின்றது. மறுபடி அழைத்தேன்.

"அமெரிக்கன் கார் வந்துட்டுது மிஸ்! நல்ல வாகனம்! நான் ஒருத்தரையும் கிட்ட விடல்ல."

வாசலில் நீளம் நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று நினைத்தேன். நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. அந்த நேரத்தில் நான் கல்யாண வீட்டுப் பெடியன்கள் நான்கு பேருக்கு வீ-எயிட் எப்படி வேலை செய்கிறது என்று பொனற்றைத் திறந்து விளக்கிக்கொண்டு இருந்தேன்.

ஒன்பது மணிக்கு ராகு காலம். அதற்கு முன் பெண் ஒழுங்கையைத் தாண்ட வேண்டும் என்பது பவளம் மாமியின் கட்டளை. மாமி துளசியின் அப்பாவின் தங்கை. அரக்கு நிறக் காஞ்சிபுரம், கையில் கைக்கடிகாரம். அந்த வீட்டில் அன்றைக்கு நேரம் அவரிடம்தான் இருந்தது.

எட்டு இருபத்தைந்துக்குத் துளசி நீளத்தில் அமர்ந்தாள். ஆரத்தி எடுத்தார்கள், தேங்காய் உடைத்தார்கள். பின்னால் இரண்டு வான்கள் வந்து ஒழுங்கையை அடைத்துக்கொண்டன. நான் முன்னால் நடந்துபோய் ஃபிளாட்ஸின் பின் கேற்றைத் திறந்தேன்.

பாதையின் இடப்பக்கத்தை அடைத்துக்கொண்டு ஒரு எஸ்யூவி நின்றது. கறுப்பு. புத்தம் புதியது. சீற்றில் பொலித்தீன்கூடக் கழற்றவில்லை. மூக்கில் டெட்ராய்ட் கம்பனி ஒன்றின் இலச்சினை. அதற்குப் பக்கத்தில் பண்டார அங்கிள் விறைப்பாக நின்று எனக்கு சலூட் அடித்தார்.

"அமெரிக்கன் கார், மிஸ். பெரிசு."

வத்தளையிலிருந்து வந்த துளசியின் தாய்மாமன் சுதன் மாமாவின் வண்டி அது. காலை ஏழு மணிக்கு வந்து, கல்யாண வீடு என்று சொல்லியிருக்கிறார். நான் சொன்ன அடையாளம் எல்லாம் பொருந்திவிட்டது: பெரியது, அமெரிக்கன், கல்யாணத்துக்கு வந்தது. பண்டார அங்கிள் கயிறு கட்டிக் காவல் காத்திருக்கிறார். சுதன் மாமாவோ வண்டியின் திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க எட்டு மணிக்கே வான் ஒன்றில் பம்பலப்பிட்டி மண்டபத்துக்குப் போய்விட்டார்.

நாலாவது முயற்சியில் மாமா போனை எடுத்தார். பின்னால் நாதஸ்வரம்.

"என்ன? திறப்போ? ஓம், என்னட்டத்தான் கிடக்கு. த்ரீவீலர் பிடிச்சு வாறன்!"

சனிக்கிழமைக் காலை காலி வீதியில் அவர் ஒன்பதுக்கு முன் வந்து சேரப்போவதில்லை.

நிஸாம் நானா இறங்கி வந்து பார்த்தார். பிறகு என் காதருகில், "புள்ள, இப்ப என்ன செய்ற? பின்னுக்கு எடுக்க ஏலாதெண்டு உனக்கும் எனக்கும்தான் தெரியும்" என்றார்.

மாமி அதற்குள் வந்துவிட்டார். "என்ன பிள்ளை, ஏன் நிக்குது?"

ஒரு சித்தப்பா யோசனை சொன்னார். "கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, வான்களையும் எடுக்கச் சொல்லி..."

"சத்தம் போடாதை!" மாமி அவரை முறைத்தார். "பொம்பிளை ஏறியாச்சு. கார் பின்னுக்கு வரக்கூடாது. இறக்கி ஏத்தவும் கூடாது."

என் வாழ்க்கையில் ஒரு சம்பிரதாயத்துக்கு அவ்வளவு நன்றியாக நான் இருந்ததில்லை. அதே நேரம் ரெஜி அங்கிள் பார்த்து வைத்திருக்கிற எஸ்யூவி என் கண் முன்னால் வந்து நின்றது. வில்லங்கம் வந்துவிட்டது. இனி நீளம் போய்விடும்.

அளவு நாடாவை எடுத்தேன்.

5. கடைசி அங்குலங்கள்

எஸ்யூவியின் கதவிலிருந்து வலப்பக்கத் தூண் வரைக்கும் நெஞ்சளவு உயரத்தில் நாடாவைப் பிடித்தேன். ஆறு அடி பத்து அங்குலம். நீளத்தின் அகலம் ஆறு அடி ஏழு. மூன்று அங்குலம் மிச்சம்.

"நானா, போகும்."

"போகுமா?"

"போகும்."

நிஸாம் நானா ஸ்க்ரூட்ரைவரை எடுத்து நீளத்தின் பக்கக் கண்ணாடியைக் கழற்றினார். எஸ்யூவியின் கண்ணாடியை நான் கையால் மடித்தேன். மடித்த பிறகும் அது ஒரு காது மாதிரி வெளியே நின்றது. ஆனால் பழைய செடான்களின் உடம்பு தோளுக்கு மேல் உள்ளே சாய்ந்து போகும். அந்தக் காது நீளத்தின் தோளுக்கு மேலால், ஜன்னலுக்கு வெளியே, சுகமாகக் கடந்துவிடும். கணக்குப் போட்டபோது எனக்கே சிலிர்த்தது.

செய்தி ஃபிளாட்ஸ் முழுக்கப் பரவிவிட்டது. மாடியிலிருந்து சாரம் கட்டியபடியே மூன்று பேர், நைட்டிக்கு மேல் துவாய் போட்ட அக்கா ஒருவர், எல்லோரும் இறங்கி வந்தார்கள். நான் கேட்காமலே தலையணைகளும் வந்தன. தூணுக்கு ஒரு பழைய பெட்ஷீட்டைச் சுற்றினார்கள். துளசியின் தம்பி போனில் சுதன் மாமாவுக்கு வீடியோ கோல் போட்டான். மாமா த்ரீவீலருக்குள் குலுங்கிக்கொண்டே கத்தினார்.

"டேய், எடுத்து ரெண்டு கிழமை! ஒரு கீறல் விழுந்தாலும் நான் மண்டபத்துக்கு வரமாட்டன்!"

"மாமா, நீங்க வராட்டி எனக்கென்ன, கல்யாணம் நடக்கும்" என்றாள் துளசி காருக்குள்ளிருந்து. எல்லோரும் சிரித்தார்கள்.

எஸ்யூவி இடப்பக்கம். துளசி அமர்ந்திருந்ததும் இடப்பக்க ஜன்னல். தோழியை நடுவுக்குத் தள்ளிவிட்டு அவளே ஜன்னலை இறக்கினாள். "இந்தப் பக்கம் நான் பார்க்கிறன். நீங்க தூணைப் பாருங்கோ."

நிஸாம் நானா பிஸ்மில்லாஹ் சொல்லிக் கியரை டியில் போட்டார். அக்சிலரேற்றரில் காலே வைக்கவில்லை. இந்தப் பெரிய எஞ்சின்களின் அழகு அது. பிரேக்கை விட்டால் போதும், எட்டு சிலிண்டரும் தூக்கத்தில் நடப்பதுபோல் காரைத் தானே நகர்த்தும். நீளம் ஆமை மாதிரி தூணுக்கும் எஸ்யூவிக்கும் நடுவில் மூக்கை நுழைத்தது. இனித் திரும்பி வர வழி இல்லை என்பது இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

"ஒரு விரல்... ஒரு விரல்... நல்லா இருக்கு" என்று துளசி சொல்லிக்கொண்டே வந்தாள். "மாமாவின்ர கறுப்புக் கண்ணாடியில என்ர பொட்டு வடிவாத் தெரியுது."

முன் கதவு கடந்தது. பிறகு ஒரு சின்ன "டிக்". கார் நின்றது.

நான் குனிந்து பார்த்தேன். எஸ்யூவியில் ஏறுவதற்கென்று கதவுக்குக் கீழே ஒரு படி நீட்டிக்கொண்டு இருந்தது. நான் நெஞ்சளவில்தான் அளந்தேன், கீழே பார்க்கவில்லை. எஸ்யூவிகளை அவ்வளவு ஏளனம் செய்தவள், ஒருநாளும் ஒன்றைக் குனிந்து பார்த்ததில்லை. படி இருக்கிறதென்று தெரியும், அது எவ்வளவு வெளியே வரும் என்று தெரியாது. நீளத்தின் கதவோரமாக ஓடும் தடித்த குரோம் பட்டியின் பின்பாதி சரியாக அந்தப் படியின் உயரத்தில் போய் முட்டி நின்றது.

"என்ன பிள்ளை?" மாமியின் குரல். "எட்டு நாற்பத்தொண்டு."

முன்னால் போனால் பட்டி உரியும், படி வளையும். பின்னால் போக முடியாது. கதவைத் திறந்து யாரையும் இறக்கவும் இடமில்லை. நான் தரையில் படுத்துப் பட்டியையும் படியையும் பார்த்தேன். பட்டி ஓர் அங்குலம் கீழே இறங்கினால் படிக்கு அடியால் போய்விடும். மேலே கதவு கொஞ்சம் உள்ளே வளைந்திருக்கிறது, அங்கே இடம் இருக்கிறது. ஓர் அங்குலம் போதும்.

வள்ளம் என்று சிரித்தார்களே, அந்த ஸ்பிரிங்!

"டிக்கியில ஏறுங்கோ!" எழும்பிக் கத்தினேன். "ஆராவது நாலு பேர் டிக்கி மேல ஏறி இருங்கோ!"

யாருக்கும் விளங்கவில்லை. சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் ஏறினார். பிறகு சாரத்தோடு வந்தவர்களில் இரண்டு பேர். பின்பக்கம் தாழ்ந்தது. நான் குனிந்து பார்த்தேன். இன்னும் அரை அங்குலம்.

"இன்னும் ஒரு ஆள்!"

பவளம் மாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சேலையைச் சரிசெய்தார். "விலகுங்கோ" என்று சொல்லி, பம்பரில் ஒரு காலை வைத்து, டிக்கி மேல் ஏறி, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அரச ஊர்வலத்தில் வருகிற மாதிரி ஒரு நிமிர்வு.

நீளம் பெருமூச்சு விட்டதுபோல் தாழ்ந்தது. பட்டி படிக்குக் கீழே போனது.

"நானா, விடுங்கோ! மெதுவா!"

பிரேக் விலகியது. பட்டி படிக்கு அடியால் சத்தமில்லாமல் வழுகியது. பின் கதவு கடந்தது. சில்லு கடந்தது. மாமி கடந்தார். ஃபிளாட்ஸின் கார் பார்க்கில் எழும்பிய கைதட்டலுக்கு மேல்மாடியில் நாய்கள் குரைத்தன. போனுக்குள் சுதன் மாமா, "கீறல் இருக்கோ? ஆராவது சொல்லுங்கோவன், கீறல் இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பண்டார அங்கிள் துவாயால் எஸ்யூவியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "நெஹெ, நெஹெ, ஒண்டும் இல்ல!" என்று போனுக்கு ஒரு சலூட் வைத்தார்.

முன் கேற்றில் கார் நின்றது. மாமியை நான்கு பேர் சேர்த்து இறக்கினோம். எட்டு நாற்பத்தொன்பது.

6. மாமியின் நிபந்தனை

கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. சுதன் மாமா பாதி வழியில் த்ரீவீலரைத் திருப்பி நீளத்துக்கு முன்னாலேயே மண்டபத்தில் நின்றார். சாப்பாட்டுப் பந்தியில் நான் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தபோது பவளம் மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளை, ஒரு கேள்வி கேக்கலாமோ?"

"கேளுங்கோ மாமி."

"உந்தக் காருக்கு ரிவர்ஸ் இல்லை, என்ன?"

பாயசக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நான் முப்பது வருஷமா கார் ஓடுறன். முட்டி நிண்ட உடனே எந்த டிரைவரும் செய்யிற முதல் வேலை ரிவர்ஸைத் தொட்டுப் பார்க்கிறது. கை தானாப் போகும். அந்த நானா தொடவே இல்லை. நான் அங்கதான் பார்த்துக்கொண்டு நிண்டனான்."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லை மாமி. மூண்டு வருஷத்துக்கு மேல."

இப்போது ரெஜி அங்கிளுக்குப் போன் போகும், நாளைக்கு நீளம் விற்பனைக்குப் போகும் என்று நான் நினைத்தேன். மாமி தன் கைப்பையைத் திறந்து ஒரு சின்ன டயரியை எடுத்தார்.

"ஆவணியில என்ர மகளுக்கு வச்சிருக்கு. அந்தக் காரை எழுதிக்கொள்ளும். மற்றக் கார்க்காரர் பின்னுக்கு எடுக்கமாட்டம் எண்டு சத்தியம் பண்ணுவினம். எடுத்துப்போட்டு எடுக்கேல்லை எண்டுவினம். இதெண்டால் எனக்கு நிம்மதி."

பிறகு விரலை நீட்டினார். "ஒரு நிபந்தனை. அதுக்கு முதல் ஒருத்தரும் ரிவர்ஸைத் திருத்தக்கூடாது."

திங்கட்கிழமை ரெஜி அங்கிளிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். புகைப்படக்காரர் அனுப்பிய படத்தையும் காட்டினேன்: டிக்கி மேல் மாமி, இரண்டு பக்கமும் ஆண்கள், ஜன்னலில் மணப்பெண்ணின் சிரிப்பு, பின்னால் கறுப்பு எஸ்யூவி. அவர் படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நிஸாம், வந்து பாரு, உன்ட மானமுள்ள பொம்பிளையை" என்றார்.

இப்போது அந்தப் படம் கந்தோர்ச் சுவரில் இருக்கிறது. கீழே பெரிய எழுத்தில் "பின்னால் போகாத கார்" என்று எழுதியிருக்கிறோம். ரிவர்ஸ் இல்லையென்று வருகிறவர்களிடம் முதலே சொல்லிவிடுகிறோம். பாதிப் பேர் பயந்து போகிறார்கள். மீதிப் பேருக்குச் சீசனில் நாள் கொடுக்க முடிவதில்லை. அமெரிக்காவிலிருந்து ரிவர்ஸ் கிளச் கிற் போன மாதம்தான் வந்து சேர்ந்தது. பெட்டி உடைக்காமல் கந்தோர் மூலையில் இருக்கிறது. அதன் மேல்தான் நிஸாம் நானா பிளேன்டீ வைக்கிறார்.

அன்றைக்கு நான் கற்றவை. ஒன்று, காவலாளிக்கு வண்டியின் நாட்டைச் சொல்லாதீர்கள், நம்பர் பிளேட்டைச் சொல்லுங்கள். சொன்ன பிறகும் போய்ப் பாருங்கள். மற்றது, உங்களுக்குப் பிடிக்காத வண்டியைத்தான் முதலில் குனிந்து அளக்க வேண்டும். இப்போது எங்கள் யார்டில் நீளத்துக்குப் பக்கத்தில் ஒரு எஸ்யூவியும் நிற்கிறது, கேட்கிறவர்களுக்குக் கொடுக்க. அதன் படி எத்தனை அங்குலம் வெளியே வரும் என்று கேளுங்கள், நித்திரையிலும் சொல்வேன்.

ஆனால் கட்சி மாறவில்லை. ஆவணிக் கல்யாணத்துக்கு நேற்று ரூட் பார்த்துவிட்டு வந்தேன். முழுக்க முன்னோக்கி. மாமி இந்தத் தடவை பின் சீற்றில்தான் இருப்பார். தேவைப்பட்டால் டிக்கிக்கும் தயார் என்று சொல்லிவிட்டார்.